கடலுக்குக் கணக்கு எழுதலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கரையோரக் குப்பங்களிலும் கல்லூரிகளிலும் 'கடல்சார் இயற்கை மூலதனம்' பற்றிப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடல், கழிமுகம், கடற்கரை இவை தரும் நன்மைகளைப் பொருளாதாரக் கணக்கில் சேர்ப்பதுதான் விஷயம். பாதிக் கேள்விகள் கோபமாகக் கேட்கப்பட்டவை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்ததால் மெருகேற்றாமல் விட்டிருக்கிறேன்.

கடலுக்கு விலை போடுகிறீர்களா? யாரிடம் விற்கப் போகிறீர்கள்?

காசிமேட்டில் ஒரு கூட்டத்தில் நான் வாய் திறக்கும் முன்பே வந்த கேள்வி இது. விற்பதற்கு இல்லை. சாலை விபத்தில் ஒருவருக்குக் கை போய்விட்டால் நீதிமன்றம் இவ்வளவு லட்சம் நஷ்டஈடு என்று தீர்ப்புச் சொல்கிறது. அதனால் கை விற்பனைக்கு வந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. தொகை எதுவும் சொல்லாமல் விட்டால் லாரிக்காரருக்குத்தான் லாபம்.

கடல் விஷயத்தில் இப்போது அதுதான் நடக்கிறது. ஒரு துறைமுகத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ திட்ட அறிக்கை போடும்போது சிமெண்ட், இரும்பு, கூலி, வட்டி எல்லாவற்றுக்கும் தொகை இருக்கும். மூழ்கப்போகும் சேற்றுக்கும் அரிக்கப்போகும் கரைக்கும் எதிரே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் எழுதாத இடத்தைக் கூட்டல் கணக்கு பூஜ்யமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

விலை தெரிந்த பொருளை விற்பது சுலபம் என்ற பயம் பொய்யில்லை. அதைக் கீழே பேசுகிறேன்.

இயற்கை மூலதனம் என்றால் சுருக்கமாக என்ன?

முதலும் வட்டியும். மீன்கூட்டம், கழிமுகத்துச் சேறு, அலையாத்திக் காடு, மணல்மேடு, பவளப்பாறை இவையெல்லாம் முதல். வலையில் ஏறும் மீன், அலையின் வேகம் தணிவது, பிற்பகலில் ஊருக்குள் வரும் கடற்காற்று இவையெல்லாம் வட்டி. வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டால் பேரப்பிள்ளைகளுக்கும் வரும். முதலில் கை வைத்தாலும் கொஞ்ச வருஷம் செழிப்பாகத்தான் தெரியும், அதுதான் ஆபத்து.

கரையில் இருப்பவர்களுக்கு இதைப் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்று முதலைத் தொடாமல் விடுகிறோம். அந்த நாள்களுக்குக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. முன்பு 5,000-ஆக இருந்தது. முதலைத் தொடாமல் இருந்ததற்கான கூலி என்று இதைப் பார்த்தால் நாளுக்கு 131 ரூபாய் வருகிறது. போதுமா என்று ஐஸ் உடைப்பவரையும் வலை பின்னுபவரையும் கேளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு: 'இயற்கையைப் பணத்தால் அளக்கக் கூடாது' என்று வாதாடுவதற்கு முன்னாலேயே ஓர் அளவு புழக்கத்தில் இருக்கிறது. கறாராகப் பார்க்காமல், குத்துமதிப்பாக.

மீனைத் தவிர சென்னைக்குக் கடல் என்ன தருகிறது?

மீனையே நாம் சரியாகக் கணக்கிடுவதில்லை. 2022-ல் தமிழ்நாட்டுக் கரையில் 7.22 லட்சம் டன் மீன் இறங்கியது என்கிறது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம். இது இறங்குதளத்தில் எடுக்கும் மதிப்பீடு. எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் கூடை எந்த ஏலக் கூடத்துக்கும் வருவதில்லை. அன்றைக்கே தெருவில் விற்று, அன்றைக்கே அரிசியாகிவிடும்.

சரி, மீனை விடுவோம். நீங்கள் அடையாறிலோ வேளச்சேரியிலோ குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு கடல்தண்ணீராக இருக்கலாம். மீஞ்சூர் ஆலை 2010-லிருந்தும் நெம்மேலி ஆலை 2013-லிருந்தும் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுடன் இருக்கின்றன. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுடன் இன்னொன்று 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்கிறது. இந்த ஆலைகளுக்குள் போகும் கடல்நீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு வடிகட்டும் செலவு குறையும். 2008-09-ல் ஓமான், ஐக்கிய அரபு அமீரகக் கரைகளில் பாசி பெருகிக் கடல் சிவந்தபோது பல குடிநீர் ஆலைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆக, சுத்தமான கடல் என்பது மெட்ரோ வாட்டரின் கச்சாப்பொருள். அதற்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை.

வெள்ளக் காலத்தில் வடிகால் வேலையும் கடலோர ஈரநிலங்களுடையதுதான். பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கும் தண்ணீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குப் போகிறது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் ஏறியபோது அதன் பரப்பு 1,247.54 ஹெக்டேர் என்று பதிவானது. அதன் பழைய பரப்பில் நிற்கும் அடுக்ககங்களின் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு டிசம்பர் வந்தால் இந்தச் சேவையின் மதிப்பு துல்லியமாகத் தெரியும்.

இதையெல்லாம் எப்படி ரூபாயாக மாற்றுகிறார்கள்?

ஐந்தாறு வழிகள் உண்டு. சந்தையில் விற்பதைச் சந்தை விலையில் எழுதுவது எளிது: பிடித்த வஞ்சிரத்தின் ஏலத் தொகையிலிருந்து டீசல், ஐஸ், கூலி, படகுத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது கடல் கொடுத்தது. கடல் கொடுத்ததை மனிதன் கட்டிச் செய்தால் என்ன செலவாகும் என்று பார்ப்பது இன்னொன்று. மணற்கரை போன இடத்தில் கல் கொட்டி, கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு கட்ட ஆகும் ஒப்பந்தத் தொகையை அப்படி எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்தது தவிர்த்த சேதத்தை அளக்கும் முறை. 1999 ஒடிசாப் பெரும்புயலுக்குப் பிறகு பிதர்கனிகா பகுதியில் மூன்று விதமான கிராமங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். அலையாத்திக் காட்டின் மறைவில் இருந்த கிராமத்தில் வீட்டுக்குச் சராசரி இழப்பு சுமார் 33 டாலர். காடும் கரைச்சுவரும் இல்லாத கிராமத்தில் 44 டாலர். காடு இல்லாமல் மண்கரை மட்டும் கட்டியிருந்த கிராமத்தில்? 154 டாலர். ஒன்றுமே கட்டாதவர்களைவிட கரை கட்டியவர்களுக்கு இழப்பு அதிகம். கரையைத் தாண்டி உள்ளே வந்த உப்புத்தண்ணீர் அப்புறம் வெளியே போக வழியில்லை. இந்த மூன்று எண்களையும் எங்கே சொன்னாலும் பின்வரிசையில் யாராவது ஒரு பொறியாளர் எழுந்து ஆட்சேபிப்பார். ஆட்சேபிக்கட்டும், மூன்று கிராமத்தை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாதுதான்.

நம் ஊரிலும் அப்படி ஒரு விவாதம் நடந்தது. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் அலையாத்திக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்று 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் குடியிருப்புகள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததும் ஒரு காரணம் அல்லவா என்று அடுத்த வருஷமே மறுப்பு வந்தது. இரண்டு தரப்பையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புயல் அலைக்குக் காடு நல்ல கவசம். சுனாமிக்குக் காட்டை மட்டும் நம்பி வீடு கட்டக் கூடாது.

மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவதற்கும் மதிப்பு போடுவீர்களா?

போடுவோம். அதற்குப் பயணச் செலவு முறை என்று பெயர். ஹெரால்ட் ஹோட்டெலிங் என்ற பொருளியலாளர் 1947-ல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன யோசனை. நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்துக்கு ஒருவர் தாம்பரத்திலிருந்து ரயிலேறி, அரை நாள் செலவழித்து வருகிறார் என்றால், அந்தச் செலவும் நேரமும் அவர் அந்த இடத்துக்குத் தரும் குறைந்தபட்ச மதிப்பு. இதேபோல் பெசன்ட் நகரில் கடல் தெரியும் பால்கனிக்கு எவ்வளவு கூடுதல் வாடகை என்று பார்த்துக் கடற்காட்சிக்கு மதிப்பு எடுப்பதும் உண்டு.

இங்கேதான் எனக்கு உறுத்தல். பட்டினப்பாக்கம் குடியிருப்பில் ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் குடும்பம் இரவு முழுக்கக் கடற்கரை மணலில்தான் இருக்கும். நடந்து வந்ததால் பயணச் செலவு ஒன்றுமில்லை. ஆகவே அவர்களுக்கு மெரினாவின் மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி வரும். ஈ.சி.ஆர். பங்களாவிலிருந்து காரில் வந்தவருக்கு ஆயிரக்கணக்கில் வரும். ரூபாயால் அளக்கும்போது ரூபாய் உள்ளவர் குரல் உரக்கக் கேட்கும். நேர்மையான ஆய்வு இதைச் சரிக்கட்ட முயற்சிக்கும், அல்லது குறைந்தது வாய்விட்டுச் சொல்லும். சொல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

உலகக் கடல்களின் மதிப்பு இத்தனை லட்சம் கோடி என்று படித்தேன். உண்மையா?

நீங்கள் படித்தது அநேகமாக ராபர்ட் கோஸ்டன்சாவும் குழுவினரும் 1997-ல் நேச்சர் இதழில் எழுதியதன் வழி வந்த செய்தி. நிலம், கடல் எல்லாம் சேர்த்து உலகின் இயற்கைச் சேவைகள் ஆண்டுக்குச் சராசரி 33 லட்சம் கோடி டாலர் என்றார்கள். அப்போது உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே சுமார் 18 லட்சம் கோடி டாலர்தான். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடலிலிருந்து வந்தது. இயற்கை இல்லாவிட்டால் மனிதனே இல்லை, அதை எப்படி இவ்வளவுதான் என்று முடிப்பது, முடிவிலியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று சக பொருளியலாளர் ஒருவர் கேலி செய்தார். கேலி சரியானது. மேடைப் பேச்சுக்கு உதவும் எண் அது. எண்ணூரில் ஒரு கால்வாயை மூடலாமா என்று முடிவெடுக்க ஒரு பைசாவுக்கும் உதவாது. அதற்கு அந்தக் கால்வாயின் கணக்கு வேண்டும்.

மெரினா இயற்கையா, துறைமுகம் போட்ட பிச்சையா?

இந்தக் கேள்வியை ஒரு கல்லூரி மாணவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மொத்த விஷயத்தையும் விளங்கவைக்க இதைவிட நல்ல உதாரணம் சென்னையில் இல்லை.

நம் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே. வாடைக் காலத்தில் சில மாதம் வடக்கிலிருந்து தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1875-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கல் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி, தெற்குப் பக்கம் சேரத் தொடங்கியது. கரை அகன்றது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார்.

சரி, வடக்கே? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரை வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் மட்டும் வழக்கம்போல் வந்து இருக்கிற மணலை எடுத்துப் போனது. வீடுகள், தெருக்கள், கோயில்கள் போயின. அப்புறம் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். ஒவ்வொரு வளைவும் தன் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்து, தன் வடக்கே இருப்பவருக்கு அரிப்பைத் தள்ளிவிட்டது.

கணக்கு எழுதினால் என்ன தெரியும்? தென்சென்னைக்கு ஒரு கடற்கரை வரவு. வடசென்னைக்கு ஒரு கடற்கரை செலவு. துறைமுகத்தின் லாப நட்டக் கணக்கில் இரண்டுமே இல்லை. ஒரே ஊரின் மொத்தமாகக் கூட்டினால் வரவும் செலவும் அடித்துப்போய் 'பெரிய மாற்றமில்லை' என்று வரும். ஆனால் நடைபயிற்சிக்கு வந்தவர் ஒருவர், வீடு இழந்தவர் இன்னொருவர். அதனால்தான் எந்த மதிப்பீட்டைப் பார்த்தாலும் நான் முதலில் மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்ற அட்டவணை இருக்கிறதா என்று புரட்டுவேன். அட்டவணை இல்லாத அறிக்கைகள்தான் அதிகம்.

1990 முதல் 2018 வரையான கரைமாற்றத்தைச் சென்னையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அளந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட 991.47 கிலோமீட்டர் தமிழகக் கரையில் 422.94 கிலோமீட்டர் அரிப்பில் இருந்தது. வட்டி தரும் 'முதல்' கரைகிறது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

ஜிடிபியில் இதெல்லாம் ஏன் வருவதில்லை?

ஜிடிபி என்பது ஆண்டு உற்பத்தியை அளப்பது, சொத்தை அளப்பது அல்ல. பணம் கைமாறினால் வரவு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் எண்ணெய்ச் சேற்றை அள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த வாளி, அந்தக் கூலி, அந்த லாரி வாடகை எல்லாம் உற்பத்தியாகக் கூடும். கெட்டுப்போன கரை கழியாது.

எண்ணூர்க் கழிமுகத்துக்கு ஒழுங்கான கணக்கு எழுதினால் அதில் என்ன இருக்கும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு என்று எல்லாவற்றிலும் ஒட்டியது. மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000, பாதிக்கப்பட்ட பகுதிகளில் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500.

நிவாரணம் வேறு, நஷ்டஈடு வேறு. நிவாரணம் உடனடிப் பசிக்கு. நஷ்டஈடு என்றால் போனது என்ன என்று எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால் பட்டியல் நீளும். தொழிலுக்குப் போகாத நாள்கள். போன பிறகும் 'எண்ணூர் மீனா, வேண்டாம்' என்று வாங்குபவர் ஒதுங்கிய மாதங்கள். தூக்கி எறிந்த வலைகள். ஏலத்துக்கே வராத, கையால் பிடித்த இறால். மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களின் வருமானம். பாதிக்கப்பட்டோர் பட்டியல் எழுதும்போது படகு உள்ளவர் பெயர் முதலில் வரும், இவர்கள் பெயர் விட்டுப்போகும்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று. கழிமுகம் என்பது கடலின் தொட்டில். மடவையும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது அலையில்லாத, சேறும் வேரும் நிறைந்த இங்கேதான் வளர்ந்து பிறகு கடலுக்குப் போகின்றன. இந்த வருஷம் எண்ணூர்ச் சேற்றில் செத்த குஞ்சு அடுத்த வருஷம் காசிமேட்டு ஏலத்தில் வராத கூடை. அந்தக் கூடையை இழந்தவருக்குத் தான் இழந்தது தெரியவே தெரியாது.

அமெரிக்காவில் 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு, கடலும் கரையும் பட்ட சேதத்தைத் தவிர்க்க மக்கள் எவ்வளவு தரத் தயார் என்று நாடு முழுக்கக் கேட்டு 1,720 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். 2016-ல் முடிந்த உடன்பாட்டில் இயற்கை வளச் சேதத்துக்கென்று மட்டும் 880 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். மீனவர் இழப்பு அதில் சேராது, அது தனி. இரண்டு நாட்டையும் அப்படியே ஒப்பிட முடியாது, கசிவின் அளவும் வேறு. நான் காட்ட விரும்புவது 'கடலுக்கு' என்ற தனிவரி ஒன்று இருந்ததை.

அங்கே அது முடிந்ததற்கு ஒரு காரணம், கசிவுக்கு முன் அந்தக் கரை எப்படி இருந்தது என்ற பதிவுகள் ஏராளமாக இருந்தன. எண்ணூரில் பல ஆண்டுகளாக அனல்மின் நிலையச் சாம்பலும் சுடுநீரும் ஆலைக் கழிவும் சேர்ந்திருக்கின்றன. 'ஏற்கெனவே கெட்ட இடம்தானே' என்ற வாதம் எதிர்த்தரப்புக்குத் தயாராக இருக்கும். அதை உடைக்க, கசிவுக்கு முந்தைய மாதத்தில் எத்தனை கிலோ மடவை கிடைத்தது என்று எழுதிய ஒரு நோட்டு வேண்டும்.

பொருளாதார அறிக்கைகளில் எதிர்காலம் ஏன் இவ்வளவு மலிவு?

தள்ளுபடி வீதம் என்ற ஒன்றால். 50 வருஷம் கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு? ஆண்டுக்கு 10 சதவீதம் தள்ளுபடி போட்டால் 85 காசு. 3 சதவீதம் போட்டால் கிட்டத்தட்ட 23 ரூபாய். அதே கழிமுகம், அதே மீன். வீதத்தை மாற்றினால் போதும், பாதுகாப்பதா நிரப்புவதா என்ற முடிவே தலைகீழாகும். எந்த அறிக்கை கையில் கிடைத்தாலும் பின்னிணைப்பில் இந்த ஒரு எண்ணைத் தேடுங்கள்.

அரசு இந்தக் கணக்கை எழுதுகிறதா?

எழுதத் தொடங்கியிருக்கிறது. நாட்டுக் கணக்கோடு இயற்கைக் கணக்கையும் சேர்த்து வைக்க ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2021 மார்ச்சில் ஒரு பொது முறையை ஏற்றது. முதலில் பரப்பு எவ்வளவு, பிறகு உடல்நிலை எப்படி, பிறகு என்ன சேவை, கடைசியில்தான் பணம் என்பது அதன் வரிசை. இந்த வரிசை எனக்குப் பிடிக்கும். பணம் வராவிட்டாலும் முதல் மூன்றும் பயன்படும். இந்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகள் வெளியிடுகிறது. 2024 வெளியீட்டில் கடல் கணக்குக்கும் இடம் கிடைத்தது. தமிழ்நாடு அரசு கடலோர மீட்புக்காக நெய்தல் மீட்சி இயக்கம் என்ற ஒன்றை அறிவித்திருக்கிறது. பெயர் அழகு. எந்தக் குப்பத்துக்கு என்ன மாறியது என்று ஆண்டுதோறும் வெளியிட்டால் இன்னும் அழகாக இருக்கும்.

காட்டை அழித்தால் பணம் கட்ட வேண்டுமே, கடலுக்கு அப்படி இல்லையா?

காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுத்தால் 'நிகர இன்றைய மதிப்பு' கட்ட வேண்டும்: அந்தக் காடு இனி தரவிருந்த நன்மைகளுக்கு இன்றைய கணக்கில் ஒரு தொகை. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வீதம், காட்டின் தரத்தைப் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய். பிற்பாடு உயர்த்தினார்கள். வனமாகப் பதிவான அலையாத்திக்கு இது பொருந்தும். திறந்த கடலடிக்கும் சேற்றுத்திட்டுக்கும் இப்படி ஒரு வீதப்பட்டியல் கிடையாது.

வேண்டுமா? எனக்கு இரண்டு மனம். பட்டியல் இருந்தால் பணமாவது வரும். ஆனால் காட்டில் பார்த்தோமே, 'கட்டிவிட்டோம், வெட்டலாம்' என்று அதுவே அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கட்டும் பணம் வேறு மாவட்டத்தில் மரம் நடப் போகும். எண்ணூரில் தொலைத்த இறாலை வேறு மாவட்டத்தில் நட முடியாது.

செத்து ஒதுங்கும் ஆமைக்கு என்ன மதிப்பு?

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. படகு தண்ணீருக்குள் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடியில் மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துபோகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடி போடக் கூடாது என்பது விதி. ஆமைக்குச் சந்தை விலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: மடியில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தாததால், கடலில் பிடித்த இந்திய இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை இல்லை. ஆக ஆமைக்கு விலை உண்டு, இறால் பிடிப்பவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைப் பாதுகாக்கும் மாணவர்கள் இந்தக் காரணத்துக்காக நடப்பதில்லை. சிலவற்றை ரூபாயில் எழுதாமல் எண்ணிக்கையில் எழுதினால் போதும். இத்தனை கூடுகள், இத்தனை உடல்கள்.

எங்கள் ஊர் அலையாத்திக்குக் கார்பன் பணம் தருவதாக ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

அவசரப்படாதீர்கள். அலையாத்திச் சேறு கார்பனைப் பிடித்து வைக்கிறது என்பது உண்மை, அதற்குச் சந்தை இருப்பதும் உண்மை. காற்றில் கலக்கும் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடால் உலகத்துக்கு வரும் சேதம் 190 டாலர் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2023-ல் மதிப்பிட்டது. உங்களுக்குச் சொல்லும் விலை அதில் எவ்வளவு என்று பாருங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, வனத்துறையா புறம்போக்கா? எத்தனை வருஷ ஒப்பந்தம்? அத்தனை வருஷமும் நண்டு பிடிக்க உள்ளே போகலாமா? புயலில் மரம் விழுந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? தமிழில் எழுதிய ஒப்பந்தம் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

குப்பத்தில் நாங்களே கணக்கு எழுத முடியுமா? படித்தவர்கள் வர வேண்டுமா?

முடியும், நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு நீள நோட்டு போதும். தேதி, எந்த இடம், எந்த வலை, என்ன மீன் எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது, படகுக்குப் போட்ட எண்ணெய்ச் செலவு. காற்றும் நீரோட்டமும் நீங்கள் எந்தப் பெயரில் சொல்வீர்களோ அந்தப் பெயரிலேயே. தண்ணீரின் நிறம் மாறினால், நாற்றம் வந்தால், நேரத்தோடு ஒரு வரி, போனில் ஒரு படம். மீன் விற்கும் பெண்கள் தனி நோட்டு வைக்கட்டும். படகுக்காரர் கணக்கும் விற்பவர் கணக்கும் ஒன்றல்ல.

வழக்கமாக நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீன் படாத நாளில் பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். பிறகு பார்ப்பவருக்கு அன்று கடலுக்குப் போகவில்லையா, போய்க் கிடைக்கவில்லையா என்று தெரியாது. போய்விட்டு வெறுங்கையோடு வந்தால் பூஜ்யம் என்று எழுதி, எண்ணெய்ச் செலவை மறக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். போகாத நாளில் ஏன் போகவில்லை என்று எழுதுங்கள்: புயல் எச்சரிக்கை, படகு பழுது, கல்யாணம், தண்ணீரில் எண்ணெய்.